பந்து வந்ததா

சேரு கோரா, குராசவ் தீவு
8 மார்ச் 1992

அன்புத் தம்பி எட்செலுக்கு,

அக்கா நில்டா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீ ஃபுளோரிடா பேஸ்பால் முகாமுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது அறிந்து நிம்மதி. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுது.

நீ விமானம் ஏறிய அதே வாரம் எதிர்வீட்டு வென்சல் மாமா போய்விட்டார். மீன் சூப் குடித்துக்கொண்டிருந்தவர் கரண்டியோடு சாய்ந்தார். அடக்கம் முடிவதற்குள் என் நம்பர் சீட்டு மேசை முன்னால் கூட்டம். நம் ஜனங்களைப் பற்றி உனக்குத் தெரியாதா? சாவு விழுந்த வீட்டின் இலக்கத்துக்கு நம்பர் சீட்டு வாங்காவிட்டால் யாருக்கும் தூக்கம் வராது. 260, 260 என்று எழுதி என் கை ஓய்ந்தது. கறுப்பு உடுப்போடு அவர் மனைவியே வந்து நின்றாள். "எனக்கும் ஒண்ணு போடு நில்டா. இருந்தப்பதான் அந்த மனுஷன் ஒண்ணும் தரல, போயாவது தரட்டும்" என்றாள். 260 விழவில்லை. செத்தும் கஞ்சத்தனம் போகவில்லை என்று தெருவே சிரித்தது.

அப்பா ஸ்நாக் கடையில் டொமினோ ஆடுவதும் உன் பெருமை பேசுவதுமாக இருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன் பெரிய லீகில் உன்னை ஒரே ஒரு இன்னிங்ஸ் நிற்கவைத்தார்களே, அதில் ஒரு பந்துகூட உன் பக்கம் வரவில்லையே, அந்தக் குறை அவருக்கு இன்னும் தீரவில்லை. உன் கடிதம் வந்தால் நான் உறையைக் கிழிக்கும்போதே "பந்து வந்துச்சா?" என்பார். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

டாக்டர் அவர் இதயத்தைப் பற்றி ஏதோ சொல்லி உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். அப்பா சொன்னது இது: "ஒம்பதாவது வருஷம் ஆடறான். இந்த வருஷமும் மேல கூப்பிடலேன்னா வந்துடச் சொல்லு. பேப்பர்ல படிச்சது போதும். எனக்குப் புள்ளயப் பாக்கணும்."

வேளைக்குச் சாப்பிடு. மாதா துணை.

உன் அக்கா,
நில்டா

*

நெப்ராஸ்கா
12 ஏப்ரல் 1992

அக்காவுக்கு,

எட்செல் எழுதுவது. நான் நலம். முழங்காலும் நலம். நீயும் அப்பாவும் நலமாயிருக்க வேண்டும்.

மறுபடி இதே ஊர், இதே அணி, பெரிய லீகுக்கு ஒரு படி கீழே. டுவோராக் அம்மாள் வீட்டு மாடியில் அதே அறை. அவர் போன வருஷம் செய்துவைத்த முட்டைக்கோஸ் ஊறுகாய் இன்னும் மிச்சம் இருக்கிறது.

அலபாமாவிலிருந்து ஒரு புதுப் பையனைக் கொண்டுவந்திருக்கிறார்கள். இருபது வயது. பெயர் டஸ்டின். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில், என் இடத்தில், இப்போது அவன் நிற்கிறான். அவன்தான் ஷார்ட்ஸ்டாப். என்னைச் சில நாள் இரண்டாம் பேஸில் போடுகிறார்கள், சில நாள் பெஞ்சில். நல்ல பையன். என்னை "சார்" என்கிறான். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார். "பந்துக்குக் காத்திருக்கவே மாட்டேங்கறியே எட். எதுக்கு இப்படி முன்னால பாயற? இங்க தரை மாவு சலிச்ச மாதிரி இருக்கு. பந்து தானா உன் கைக்கு வரும், நில்லு" என்றார். ஒன்பது வருஷமாக ஆள் மாற்றி ஆள் இதையே சொல்கிறார்கள். எனக்கு அது வராது. கல்லில் பட்டு எந்தப் பக்கம் எழும்பும் என்று தெரியாத பந்தை, அது எழும்புவதற்கு முன்னால் போய்ப் பிடித்தாக வேண்டும் என்றுதான் நம் மைதானத்தில் பழகினேன். இங்கே ஒரு கல்கூடக் கிடையாது. காலுக்குத்தான் அது தெரியவில்லை.

அப்பாவிடம் இரண்டாம் பேஸ் விஷயத்தை மெதுவாகச் சொல். உப்பைக் குறைக்கச் சொல்.

தம்பி,
எட்செல்

*

சேரு கோரா
3 மே 1992

அன்பு எட்செல்,

நானும் அப்பாவும் நலம். உன் முழங்காலுக்காகச் சனிக்கிழமை பூசையில் ஒரு மெழுகுவத்தி வைத்தேன்.

மெதுவாகச் சொல்லச் சொன்னாய். நான் பட்டென்று படித்துவிட்டேன். அப்பா டொமினோ கட்டையை மேசையில் போட்டுவிட்டு எழுந்தார். "ஷார்ட்ஸ்டாப்பை ரெண்டாம் பேஸுக்கு அனுப்பறதும் சமையக்காரனைப் பாத்திரம் கழுவ விடறதும் ஒண்ணு. பாத்திரம் சுத்தமாத்தான் இருக்கும், சோறு?" என்றார். ராத்திரி ஃபுன்ச்சிக் களியைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

நகராட்சிக்காரர்கள் வந்து நம் மைதானத்தை அளந்தார்கள். கல்லையெல்லாம் பொறுக்கி மண் கொட்டிச் சமமாக்கப் போகிறார்களாம். அப்பா போய்ச் சண்டை போட்டார். "ஆடத் தெரியாதவன் தரை கோணல்னானாம். அந்தக் கல்லுதான்யா என் புள்ளைக்கு வாத்தியார். அது கிடக்கட்டும்" என்றார். மூன்றாம் பேஸுக்குப் பக்கத்தில், நீ உதடு கிழித்துக்கொண்டாயே, அந்த முட்டாள் கல்லின்மேல் போய் உட்கார்ந்துகொண்டாராம். ஆடுகள் வேடிக்கை பார்த்தன என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கடைசியில் அளந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

நீ நன்றாக ஆடினாய் என்று தகவல் வரும் வாரமெல்லாம் உன் சட்டை எண் 17-க்கு என்னிடம் சீட்டு பறக்கும். இப்போது 17 கேட்பாரில்லை. ஊரார் முகத்துக்காகவாவது ஒரு நல்ல சேதி எழுது.

முத்தங்களுடன்,
நில்டா

*

நெப்ராஸ்கா
14 ஜூன் 1992

அக்காவுக்கு,

தாமதம். மன்னித்துக்கொள். நான் நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

நல்ல சேதிதான். டஸ்டினுக்குத் தோளில் அடி. என்னை மறுபடி என் இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். தினமும் ஆடுகிறேன்.

போன வியாழக்கிழமை ஆட்டத்தை அப்பாவுக்குப் படித்துக்காட்டு. எட்டாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். மூன்றாம் பேஸில் எதிரணி ஆள். அவன் ஓடிவந்து ஹோம் பேஸைத் தொட்டால் ஆட்டம் போச்சு. அடித்த பந்து மூன்றாம் பேஸ் பக்கமாக வேகமாக வந்தது. நான் நாலு எட்டு முன்னால் பாய்ந்தேன். கடைசி நொடியில் அது கல்லில் பட்டுத் தொண்டைக்கு நேராக எழும்பியது. முகத்தைத் திருப்பவில்லை. கிளவுஸுக்கு நேரமில்லை, வெறுங்கையால் பிடித்து அப்படியே எறிந்தேன். அவுட். கூட்டம் எழுந்து நின்றது.

பந்து வந்தது என்று அப்பாவிடம் சொல்.

டுவோராக் அம்மாள் நலம். வேறு விசேஷம் இல்லை.

தம்பி,
எட்செல்

*

சேரு கோரா
5 ஜூலை 1992

அன்பு எட்செல்,

உன் கடிதம் பார்த்தோம். நான் நலம். அப்பாவுக்குக் காலில் கொஞ்சம் வீக்கம், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மற்றபடி நலம்.

வியாழக்கிழமை ஆட்டத்தை அப்பாவுக்கு மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "திருப்பிப் படி" என்றார். இரண்டாம் தடவை, தொண்டைக்கு நேராக எழும்பிய இடத்தில் நிறுத்தி, "எது மேல பட்டுச்சாம்?" என்று கேட்டார். படித்தேன். மூன்றாம் தடவை சிரித்தார். பிறகு "சரி" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து தினமும் படுக்கப் போகுமுன் அதைப் படிக்கச் சொல்கிறார். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

ஸ்நாக் கடையில் இதைச் சொல்ல வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டால், "வேண்டாம்னா வேண்டாம்." அதனால் 17-க்கு இந்த வாரமும் சீட்டு இல்லை.

உன்னிடம் கேட்கச் சொன்னது: "வயிறாரச் சாப்பிடறானா? ராத்திரி தூங்கறானா?" இன்னொன்றும் சொன்னார். "ஒரு நடை வந்துட்டுப் போகச் சொல்லு" என்று ஆரம்பித்தார். நான் பேனாவை எடுப்பதற்குள், "இல்ல, எழுதாதே. அவனா வரட்டும்" என்றார். நான் எழுதிவிட்டேன். முடிந்தால் வா எட்செல். நாலு நாளைக்காவது.

நில்டா

*

நெப்ராஸ்கா
19 ஜூலை 1992

அக்காவுக்கு,

நலம். அப்பா கால் வீக்கம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். காலை உயரத் தூக்கி வைக்கச் சொல்.

நடுவில் வர வழியில்லை. சீசன் நடக்கும்போது யாரையும் விடமாட்டார்கள். டஸ்டின் திரும்பி வந்தால் என் இடம் மறுபடி போய்விடும். இந்த மாதிரி சமயத்தில் ஒரு நாள்கூட நகரக்கூடாது.

ஆட்டங்கள் நன்றாகப் போகின்றன. செவ்வாயன்று இரண்டு டபுள் பிளே. சனியன்று ஒன்று. காலையில் சீக்கிரம் எழுகிறேன். சாயங்காலம் கை மரத்துவிடுகிறது, குளிர் அப்படி. வெந்நீரில் வைத்தால்தான் விரல் மடங்கும். பிறகு சரியாகிவிடும்.

சாப்பிடுகிறேன் என்று அப்பாவிடம் சொல். தூங்குகிறேன்.

எட்செல்

*

சேரு கோரா
16 ஆகஸ்ட் 1992

எட்செல்,

இங்கே நலம். உன் கை எப்படி இருக்கிறது?

இந்த வாரம் வீட்டில் ஆள் நடமாட்டம் அதிகம். காப்பித்தூள் இரண்டு தடவை வாங்கினேன். வென்சல் மாமா மனைவி பெரிய சட்டி நிறைய ஆட்டுக்கறி ஸ்டோபாக் குழம்பு செய்து தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் இப்படிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. எல்லாரும் போனபின் சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

நான் ஒரு வாரம் மேசை போடவில்லை. என் இடத்தில் முதலாளி மகள் உட்கார்ந்து எழுதினாள். 418-க்கு அவ்வளவு சீட்டு போயிற்றாம். நம் வீட்டு இலக்கத்துக்கு. இன்னும் கட்டினால் தாங்காது என்று முதலாளி அந்த நம்பரையே மூடிவிட்டார்.

காற்று பலமாக இருக்கிறது. ஜன்னல்களைச் சாத்திவைத்திருக்கிறேன். நான் இப்போது முன்னறையில் படுக்கிறேன்.

வேறு என்ன எழுத? உன் சீசன் எப்போது முடிகிறது?

நில்டா

*

நெப்ராஸ்கா
6 செப்டம்பர் 1992

அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் நலமா? கை பரவாயில்லை.

418 விழுந்ததா? நம் வீட்டு இலக்கத்துக்கு ஊரே பணம் கட்டியது என்று படித்து வெகுநாளைக்குப் பிறகு சிரித்தேன். ஸ்நாக் கடையில் சொல்ல வேண்டாம் என்று அப்பா சொன்னாலும் வாய் நிற்காது, சொல்லியிருப்பார். நான் நன்றாக ஆடுகிறேன் என்று தெரிந்துதான் கட்டியிருக்கிறார்கள். 17-ஐ விட்டுவிட்டு வீட்டு இலக்கத்துக்கே போய்விட்டார்கள் பார்.

இந்த வாரத்தோடு சீசன் முடிய வேண்டியது. எங்கள் அணி இறுதிச் சுற்றுக்குப் போகிறது. அதற்கு மேல் அரிசோனாவில் ஒரு பயிற்சி லீக் இருக்கிறது, என்னையும் கூப்பிடலாம் என்கிறார்கள். அதனால் இப்போதைக்குச் சொல்ல முடியவில்லை.

எட்செல்

*

சேரு கோரா
27 செப்டம்பர் 1992

எட்செல்,

இங்கே நலம். 418 விழவில்லை.

சீசன் எப்போது முடிகிறது என்று எழுது. முடிந்ததும் எழுது. எனக்கு அது தெரிய வேண்டும்.

நில்டா

*

நெப்ராஸ்கா
25 அக்டோபர் 1992

அக்காவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? அப்பா எப்படி இருக்கிறார்?

சீசன் முடிந்தது என்று எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. அது மே மாதக் கடைசியிலேயே முடிந்துவிட்டது.

ஆட்டத்துக்கு முன்னால் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தச் சொன்னால் அதுதான் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். "உனக்கு இருபத்தாறு ஆயிடுச்சு எட். உன்மேல தப்பில்ல. இடமில்ல" என்றார். நான் நன்றி சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பெட்டியில் துணியை வைக்கும்போது டஸ்டின் வந்து நின்றான். அவன் அழுதான். எனக்கு எதுவும் வரவில்லை. என் பழைய கிளவுஸை அவனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் தோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுவும் பொய்தான்.

அன்றிலிருந்து ஊருக்கு வெளியே ஒரு இறைச்சி ஆலையில் இருக்கிறேன். குளிர் அறை. மாட்டுத் தொடைகள் கொக்கியில் தொங்கிக்கொண்டு வரும், நான் வெட்ட வேண்டும். பக்கத்தில் நிற்பவர்கள் மெக்சிகோக்காரர்கள். என்னை யாருக்கும் தெரியாது. அதுதான் அங்கே பிடித்திருந்தது. வேலை முடிந்து வந்து படுக்கையில் உட்காருவேன். உங்களுக்கு எழுத ஒரு ஆட்டம் வேண்டும், ஒன்றை யோசிப்பேன். அந்த நேரம் மட்டும் கொஞ்சம் நன்றாக இருக்கும்.

ஊருக்கு வரக் கால் எழவில்லை அக்கா. அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்? ஸ்நாக் கடை வழியாக எப்படி நடப்பேன்? வேறு அணி ஏதாவது கூப்பிடும் என்று ஜூன் முழுக்க நினைத்தேன். அப்புறம் நினைப்பதை விட்டுவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். அதற்குள் அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. உனக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. அவர் திட்டினால் திட்டட்டும். அதைக் கேட்கத்தான் வருகிறேன்.

தம்பி,
எட்செல்

*

சேரு கோரா
10 நவம்பர் 1992

தம்பி எட்செலுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ நலம் என்று எழுதியிருக்கிறாய். நானும் நலம்.

அப்பாவிடம் சொல்ல முடியாது. அப்பா ஆகஸ்ட் நாலாம் தேதி காலையில் இறந்துவிட்டார். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது பொத்தானில் உட்கார்ந்துவிட்டார். நான் கஞ்சியை இறக்கிவிட்டு வருவதற்குள் முடிந்தது. அம்மா பக்கத்திலேயே இடம் கிடைத்தது. எட்டு நாளும் ஜெபம் நடந்தது. கடைசி நாள் அவர் போவதற்காகக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவைத்தோம். பிறகு சாத்தினேன்.

உன் ஜூன் கடிதத்திலேயே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று தடவை படித்தேன் என்றும், அவர் சிரித்து "சரி" என்றார் என்றும் உனக்கு எழுதினேன். அதற்கப்புறம் அவர் சொன்னதை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

"இவன் ஆடல நில்டா" என்றார்.

"என்னப்பா சொல்றீங்க? இவ்வளவு விவரமா எழுதியிருக்கானே?"

"நெப்ராஸ்கால ஏதுடி கல்லு? மாவு சலிச்ச மாதிரி தரைன்னு அவனேதான எழுதினான். இது நம்ம மூணாம் பேஸ் கல்லு. நான் உக்காந்திருந்தேனே, அது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளாவது நிக்கும்பாங்க, இவன் புளுகு ஒரு பந்துக்குக்கூட நிக்கல."

எனக்குக் கோபம் வந்தது. இப்போதே எழுதி உன் தோலை உரிக்கிறேன் என்றேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுதாதே. அவனுக்கு இருக்கறது அது ஒண்ணுதான். அவனா சொல்லட்டும், அவனா வரட்டும். அதுவரைக்கும் என்ன, நம்ம மைதானத்துலதான் ஆடிட்டிருக்கான். நல்லாத்தான் ஆடறான். நாளைக்கும் படி" என்றார்.

அதனால்தான் தினமும் படித்தேன். சாவதற்கு முதல்நாள் ராத்திரியும் படித்தேன். வெறுங்கையால் பிடித்து எறிந்த இடம் வந்ததும் தன் கையையும் லேசாக அசைத்தார்.

ஜூலைக் கடைசியில் மூச்சு வாங்கிப் படுத்திருந்தபோது சொன்னார்: "எனக்கு ஏதாவது ஆயிட்டா சீசன் நடுவுல சொல்லாதே. முடிஞ்சதும் சொல்லு." அவன்தான் ஆடவே இல்லையே அப்பா, எந்தச் சீசன் என்று கேட்டேன். "அவன் எதை முடிஞ்சுதுன்னு சொல்றானோ அது" என்றார்.

நான் ஒரு தந்தி அடித்திருந்தால் இரண்டு நாளில் வந்திருப்பாய். பெட்டி மூடுவதற்குள் பார்த்திருப்பாய். அடிக்கவில்லை. அப்பா சொல்லைக் காப்பாற்றினேன் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். உன்னிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். எனக்குக் கோபம் எட்செல். நீ ஆட்டமே இல்லாமல் ஒரு நாள் பயணத்தில் இருந்துகொண்டு, "சீசனில் விடமாட்டார்கள்" என்று எழுதினாயே. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே "எழுதாதே" என்றாரே. ஜூலையில் கை குளிரில் மரக்கிறது என்று எழுதுகிறவனை வேறு என்ன செய்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அதை நாங்கள் சாப்பிடுகிறோமா என்றுகூட நீ பார்க்கவில்லை.

ஆனாலும் ஆகஸ்டில் மனசு கேட்கவில்லை. அதனால்தான் 418 என்று எழுதினேன். நம் வீட்டு இலக்கத்துக்கு ஊரே சீட்டு வாங்கினால் என்ன அர்த்தம் என்று இந்தத் தெருவில் பால் குடிக்கும் பிள்ளைக்குத் தெரியும். நீ படித்தவுடன் ஓடி வருவாய் என்று நினைத்தேன். ஒவ்வொரு விமானச் சத்தத்துக்கும் கதவைத் திறந்து பார்த்தேன். உன் பதில் வந்தது. "விழுந்ததா?" என்று கேட்டிருந்தாய்.

ஆகஸ்டிலிருந்து எந்தக் கடிதத்திலும் அப்பா நலம் என்று நான் எழுதவில்லை. எடுத்துப் பார்.

அழுகை வரவில்லை எனக்கு. வந்தால் நன்றாக இருக்கும். மேசை போடுகிறேன், சீட்டு எழுதுகிறேன், வந்து படுக்கிறேன். அப்பா இல்லாமல் மைதானத்தைச் சமமாக்கிவிட்டார்கள். அந்தக் கல்லை மட்டும் இரண்டு பேர் உருட்டிக்கொண்டுவந்து நம் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். "உங்கப்பா இல்லாத மைதானத்துல இது எதுக்கு?" என்றார்கள்.

திட்டு வாங்க வருவதாக எழுதியிருக்கிறாய். திட்ட ஆள் இல்லை. இருந்தாலும் வா.

நில்டா

*

நெப்ராஸ்கா
29 நவம்பர் 1992

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிடைத்து ஒரு வாரம் ஆகிறது. நீ நலமா என்று கேட்கிறேன். கேட்டுவிட்டுப் பதிலையும் படிப்பேன்.

ஆலையில் சொல்லிவிட்டேன். டுவோராக் அம்மாளிடம் அப்பா இறந்துவிட்டார் என்றேன். எப்போது என்று கேட்டார். ஆகஸ்டில் என்றேன். ஊறுகாய் பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தார், உனக்கு.

இன்னும் இரண்டு வாரம் கழித்து, வியாழக்கிழமை வருகிறேன். விமான நிலையத்துக்கு யாரும் வேண்டாம். ஸ்நாக் கடை வழியாகவே நடந்து வருகிறேன். அந்தக் கல்லை நகர்த்தாதே.

உன் கடிதங்களையெல்லாம் தேதி வாரியாக அடுக்கி வாசித்தேன். நீ சொன்னது சரி. ஜூலையில் அப்பா இருக்கிறார், ஆகஸ்டில் இல்லை. 418 என்று நீ எழுதிய வரியை மறுபடி படித்தேன். அன்றைக்கு அதைப் படித்துவிட்டு, ஊர் எனக்காகத்தான் கட்டுகிறது என்று சந்தோஷப்பட்டேன். நான் ஆடாத ஆட்டத்துக்காக. வென்சல் மாமாவுக்காக நீ 260 எழுதியது நினைவுக்கு வரவே இல்லை.

ஒன்பது வருஷமாக என்னிடம் ஒரே ஒரு குறைதான் சொன்னார்கள். பந்தைக் கண்டால் முன்னால் பாய்ந்துவிடுகிறேன், காத்திருக்கத் தெரியவில்லை என்று.

அப்பா கேட்பாரே, பந்து வந்ததா என்று. வந்தது அக்கா. நேராக என் பக்கம்தான் வந்தது. நான் காத்திருந்துவிட்டேன்.

உன் தம்பி,
எட்செல்